பச்சை மேலங்கிக்கு நான் சொன்ன குறைகள்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பார்ப்பது என் வேலை. மலைத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு குத்து அள்ளி, தட்டில் பரப்பி, ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, என்ன குறை என்று சொல்ல வேண்டும். நிறை சொல்வது இந்த வேலையில் சேராது. காய் கொண்டுவந்தவர் எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்தால் அவர் கேட்கிற விலை அந்த இடத்திலேயே ஏறிவிடும். அதனால் காய் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு துக்கமாக நான் முகத்தை வைத்துக்கொள்வேன். மிக நல்ல காய் வருகிற அன்று எங்கள் கடை இழவு வீடு போல இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு முறை தவறினேன். யாரோ ஒரு தோட்டக்காரர் கொண்டுவந்த காயைப் பார்த்ததும் என்னை அறியாமல், "ஆகா, என்ன பச்சை!" என்று சொல்லிவிட்டேன். முதலாளி என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார்.

"பாய், அந்தக் காய் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"ஆமா மொதலாளி."

"பிடிச்சா வீட்டுக்கு வாங்கிட்டுப் போயி பாயசத்துல போட்டுக் குடிங்க. கடையில வச்சு வாயத் தொறக்காதீக."

அதோடு சரி. இருபத்தைந்து வருடத்தில் எந்தக் காயும் நன்றாக இருப்பதாக நான் சொன்னதில்லை. நான் இயல்பிலேயே கூச்சக்காரன். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் தொண்டையை விட்டு வெளியே வராது. குறை சொல்லும்போது மட்டும் தங்குதடையில்லாமல் வரும், ஏனென்றால் அது ஒன்றுதான் எனக்குப் பழக்கம். ஒரு நிக்காஹ் வீட்டில் பெண்ணின் அத்தா என் பக்கத்தில் வந்து, "பிரியாணி எப்படி இருக்கு?" என்று மரியாதைக்குக் கேட்டார். "உப்புத் தூக்கல். அரிசி ஒடஞ்சிருக்கு. கறி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கணும்" என்றேன். அவர் போனபிறகு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு என் மனைவி எந்த விசேஷத்துக்கும் என்னை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று முன்கூட்டியே யோசித்துவிட்டுத்தான் அழைத்துப் போகிறாள்.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் படக்கதைப் புத்தகங்கள் சேர்க்கிறேன். முகமூடியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றுகிற வீரர்களின் கதைகள். அவை வெளிநாட்டில் எப்போதோ வந்தவை. தமிழில் மறுபதிப்பாகச் சின்னச் சின்னப் புத்தகமாக வந்தன. உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டையில் மட்டும் வண்ணம். உயரமான கட்டிடங்களுக்கு நடுவில் பறந்துகொண்டே அந்த வீரர்கள் "அடேய் கயவனே, நில்!" என்று சுத்தமான தமிழில் பேசுவார்கள். இப்போது அந்தத் தமிழ் மறுபதிப்பின் முதல் பதிப்பைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது. நகலுக்கு அசல் தேடுகிற கூட்டம். நானும் அதில் ஒருவன்.

வாட்ஸப்பில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. யார் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை. ஒருவர் புத்தகத்தைப் படம் எடுத்துப் போட்டால் மற்றவர்கள் "வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டுப் பொறாமையில் தூக்கம் கெடுவார்கள். நான் வாழ்த்துகள்கூட எழுதுவதில்லை. கட்டை விரலை மட்டும் அழுத்துவேன். சேர்க்கிற நாங்கள் இந்தப் புத்தகங்களைப் படிப்பதும் கிடையாது. விரித்துப் படித்தால் முதுகு விட்டுவிடும். நெகிழித் தாளில் போட்டு, உள்ளே நாலு ஏலக்காயும் போட்டு, தகரப் பெட்டியில் வைத்துவிடுவேன். பூச்சி வராது. என் மனைவி மட்டும், "மனுசன் திங்கிற சாமான் எல்லாத்தையும் பொஸ்தகத்துக்குப் போட்டாச்சு, இனி பிஸ்தாவும் முந்திரியும்தான் பாக்கி" என்பாள்.

நான் சேர்க்கிற வரிசையில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு இதழ்கள். என்னிடம் நூற்றுப் பதினொன்று இருந்தன. இல்லாதது ஐம்பத்தேழாம் இதழ்.

அந்த இதழின் கதையே வேறு. எல்லா அட்டையிலும் வீரனின் மேலங்கி நீலமாக இருக்கும். ஐம்பத்தேழில் மட்டும் பச்சை. அச்சகத்தில் நீல மை தீர்ந்துபோயிருக்கும் என்பது குழுவில் ஒரு கட்சி. அட்டை வரைந்தவர் சம்பளம் வராத கோபத்தில் செய்தார் என்பது இன்னொரு கட்சி. எதுவானாலும் அன்றைக்குப் பையன்கள் அதைப் போலி என்று நினைத்துத் தொடவில்லை. கட்டுக் கட்டாகத் திரும்பிப் போய் கூழாகிவிட்டது. அன்று ஒருவரும் வாங்கவில்லை என்ற ஒரே காரணத்தால் இன்று எல்லோருக்கும் அது வேண்டும்.

இதில் என் பங்கும் உண்டு. எனக்குப் பத்து வயது இருக்கும்போது போடி பஸ் நிலையத்துக் கடையில் அந்த இதழ் கயிற்றில் தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். "கலர் சரியில்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். காய் பார்க்கிற வேலையில் சேருவதற்கு வெகுகாலம் முன்பே எனக்கு அந்தத் தகுதி இருந்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் குழுவில் யாரோ ஐம்பத்தேழின் மங்கலான அட்டைப் படம் ஒன்றைப் போட்டார்கள். அதையே என் செல்போனின் முகப்பில் வைத்துக்கொண்டேன். புத்தகம் இல்லாவிட்டாலும் படமாவது இருக்கட்டும் என்று.

எங்கள் கடைக்கு மேலேயிருந்து காய் கொண்டுவருகிற ஜீப் டிரைவர் ஒருவர் உண்டு. காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவார், திரும்பும்போது மூட்டை ஏற்றி வருவார். வயதில் என்னைவிடப் பத்து வருடம் இளையவர். போன மழைக்காலத்தில் ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டு நின்றவர், மேசைமேல் கிடந்த என் செல்போனை எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், இந்தப் பச்சைத் துண்டுக்காரன் இங்க இருக்கான்?"

"இவனை ஒனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாம என்ன? போடிமெட்டுல டீக்கடை வச்சிருக்குல்ல அக்கா, அது வீட்டுக்காரரு ஜீப்புல இவன் ரொம்ப நாளா இருந்தானே. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தவரு அவருதான். நெஞ்சுவலியில போயிட்டாரு, ரெண்டு வருசம் ஆச்சு. அக்கா அந்தப் பொஸ்தகத்தை இன்னும் வச்சிருக்கு."

நான் கையில் இருந்த காயைக் கீழே போட்டுவிட்டேன்.

"ஏன் பாய் முழிக்கிறீக? அது யாருக்காச்சும் குடுக்கணும்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கு. 'மதிப்புத் தெரிஞ்ச ஆளு வந்தா சும்மாவே குடுத்துருவேன், எடைக்குப் போட மனசு வரல'ன்னுச்சு. ஞாயித்துக்கெழம வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சும்மாவே கொடுப்பார்கள் என்பது ஒரு பக்கம். மதிப்புத் தெரிந்த ஆள் நான்தான் என்று ஒரு அறிமுகமில்லாத பெண்மணியிடம் வாய் திறந்து காட்ட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். மனைவிதான் சொல்லிக் கொடுத்தாள்.

"பாத்தவொடனே 'அருமையான பொஸ்தகம்'னு சொல்லுங்க. 'உங்க வீட்டுக்காரரு நல்லாப் பாதுகாத்திருக்காரு'ன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் பேசாதீக."

"அருமையான பொஸ்தகம்" என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்து முந்தலைத் தாண்டிப் போடிமெட்டுக்கு மலை ஏறினோம். பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அந்த இரண்டு வாக்கியத்தை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன். மேலே பனிமூட்டம். கடையில் அந்த அக்கா மட்டும் இருந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் கம்பளிக் குல்லா, கையில் டீ வடிகட்டி.

"வாங்க பாய், தம்பி சொல்லுச்சு. உக்காருங்க. பால் டீயா, கட்டன் டீயா?"

"எதுனாலும்" என்றேன். அதைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது.

டீயை வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். "அவரு ஜீப்பு ஆர்.சி. புக்கு, இன்சூரன்சு எல்லாம் வச்சிருந்த கவரு பாய் இது. இதுக்குள்ளதான் இதையும் வச்சிருந்தாரு. செக்போஸ்ட்டுல போலீசு பேப்பரக் கேட்டா மொதல்ல இவன்தான் வெளிய வருவான்" என்று சிரித்தார். பிறகு டீக்கிளாஸ் கொண்டுவரும் அலுமினியத் தட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்து, புத்தகத்தை அதன்மேல் வைத்து என் முன்னால் நீட்டினார். நீட்டிவிட்டு, எதிரில் நின்று என் முகத்தையே பார்த்தார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. தட்டு, அதில் பச்சையாக ஒரு பொருள், எதிரில் நின்று முகத்தைப் பார்க்கிற ஒரு ஆள். இருபத்தைந்து வருடப் பழக்கம் என்னைக் கேட்காமலே வேலையில் இறங்கிவிட்டது. என் முகம் தானாகத் துக்கத்துக்குப் போனது. நெஞ்சு அடித்த அடிக்கு எவ்வளவு துக்கம் தேவைப்பட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். கை புத்தகத்தை எடுத்தது, புரட்டியது, மோந்து பார்த்தது. வாய் திறந்தது.

"நெறம் எறங்கியிருக்கு."

அக்கா தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினார்.

"முதுகுல வெடிப்பு. பின்னு துரு ஏறியிருக்கு. ஈரம் வாங்கியிருக்கு. உள்ள பென்சில்ல கிறுக்கி வச்சிருக்கு." தட்டில் திரும்ப வைத்தேன். "ரெண்டாந்தரந்தான். கழிவுலதான் சேக்கணும்."

கடையில் இந்த இடத்தில் தோட்டக்காரர், "என்ன பாய் இப்படிச் சொல்றீக, நல்லாப் பாருங்க" என்பார். பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும். நான் அதற்காகக் காத்திருந்தேன். ஆனால் அந்த அக்கா ஏலக்காய் விற்க வந்தவர் அல்ல. அவருக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. அவர் நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

"அப்படியா பாய்" என்றார். "அவரு பெருசா நெனச்சுக்கிட்டு இருந்தாரு."

புத்தகத்தை எடுத்து, தூசி இல்லாத அட்டையை ஒரு தரம் தடவி, கவருக்குள் வைத்தார். "டீ ஆறுது, குடிங்க."

டீயைக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதையாவது சொல்லியிருக்கலாம்.

இறங்கும்போது ஏழாவது வளைவில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"யோவ் பாய், அக்கா அதச் சும்மா குடுக்குறேன்னுச்சு. சும்மா குடுக்குற பொருளுக்கு எவனாச்சும் தரம் பாப்பானா?"

"பழக்கம் தம்பி."

"நல்ல பழக்கம். உங்களுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப என்ன சொன்னீக?"

நல்லவேளையாக அப்போது நான் இந்த வேலையில் சேர்ந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "புருசன் போன பொம்பளகிட்ட, அவரு வச்சிட்டுப் போன பொருளைக் கழிவுன்னு சொல்லிட்டு வந்திருக்கீக" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் கடைக்கு வந்த காயெல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து டிரைவர் மூட்டையோடு ஒரு செய்தித்தாள் பொட்டலத்தையும் கொண்டுவந்தார்.

"அக்கா குடுத்துவிட்டுச்சு. 'பாய் காய் பாக்குறவரு, தரம் அவருக்குத் தெரியாததா? ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு சொல்லிட்டாரு. எனக்கு அடுப்புல போட மனசு வரல. அவரே கழிவுல போட்டுக்கிரட்டும்'னுச்சு."

பிரித்தேன். பச்சை மேலங்கி. ஐம்பத்தேழு.

என் வாழ்க்கையில் இப்படி ஒரு கொள்முதல் நடந்ததில்லை. சும்மா கொடுக்க இருந்த பொருளை வேண்டாம் என்று சொல்லி, அதே பொருளைச் சும்மா வாங்கியிருக்கிறேன். முதலாளியிடம் சொன்னால் என்னைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வார்.

அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் புத்தகத்தில் நான் சொன்ன குறை ஒன்றுமே சரியாக இல்லை. பின்னில் கடுகளவு துரு. முதுகு கெட்டியாகத்தான் இருந்தது. பச்சை, முதல் பறிப்புக் காயின் பச்சை. குழுவில் போடுவதற்காக அட்டையைப் படம் எடுத்தேன். "கிடைத்தது" என்று ஒரே வார்த்தை எழுதினேன். உள் பக்கமும் ஒன்று இருக்கட்டும் என்று விரித்தேன்.

பென்சில் கிறுக்கல் என்று சொன்னேனே, அது மட்டும் உண்மையாகவே இருந்தது. அன்றைக்கு அது கிறுக்கல் என்று பார்த்தேனே தவிர என்ன என்று பார்க்கவில்லை. இப்போது படித்தேன். பதினான்காம் பக்கத்து ஓரத்தில், சின்ன எழுத்தில், "இது வரைக்கும் படிச்சுக் காட்டியாச்சு." இருபத்திரண்டாம் பக்கத்தில், வில்லனின் நாய் செத்துப்போகிற இடத்தில், "இங்க அழுதுச்சு." முப்பத்தொன்றில், "இங்க தூங்கிருச்சு. நாளைக்கு இதுலருந்து." அதற்கு மேல் பென்சில் இல்லை.

எழுதிவைத்த அந்த ஒரு வார்த்தையைக் குழுவுக்கு அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

"ஞாயித்துக்கெழம மேல போயிட்டு வர்றேன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"திருப்பிக் குடுக்கவா?"

"இல்ல. பொஸ்தகம் நல்ல பொஸ்தகம்னு உண்மையச் சொல்லிட்டு வரணும். அம்புட்டுத்தான்."

"உண்மையச் சொல்றதுக்குப் பொஸ்தகத்த எதுக்கு எடுத்துட்டுப் போறீக? போட்டோவ மட்டும் எடுத்துட்டுப் போங்க."

அவள் சொல்வதை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பென்சில் எழுத்தைப் புத்தகத்திலேயே காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அன்று போடிமெட்டில் வெயில். கடையில் இரண்டு மூன்று தோட்டத் தொழிலாளர்கள் ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். டீ வந்தது. குடித்து முடித்தேன். இன்னொரு டீ சொன்னேன். மூன்றாவது டீயில் அக்காவே கேட்டுவிட்டார்.

"என்ன பாய், டீ குடிக்கவா மெட்டு ஏறி வந்தீக?"

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

"எது?"

"பொஸ்தகம் ரெண்டாந்தரம்னு சொன்னது. நான் கையில வாங்குனதுலயே இதுதான் நல்ல காய்."

"காயா?"

பெஞ்சில் இருந்த தொழிலாளர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் தொடங்கியாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு அலுமினியத் தட்டிடம் சொல்வது போலச் சொன்னேன். "நெறம் நல்லா நிக்கிது. முதுகுல வெடிப்பு இல்ல. ஈரம் வாங்கல. தமிழ்நாடு முழுக்கத் தேடுறாங்க, இந்த மாதிரி ஒண்ணு யாருகிட்டயும் இல்ல. உங்க வீட்டுக்காரரு நல்லாப் பாதுகாத்திருக்காரு." மனைவி சொல்லிக் கொடுத்த வாக்கியம். ஒரு பயணம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"அப்ப அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீக?"

"கடையில நல்ல பொருளை நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது. பழகிப்போச்சு."

அக்கா காலிக் கிளாசை எடுத்துக்கொண்டார். "நல்ல சோலி பாக்குறீக பாய்" என்றார். "கிறுக்கியிருக்குன்னீகளே, அதுவும் பொய்யா?"

"அது மெய்தான். ஆனா கிறுக்கல் இல்லக்கா. அவரு எழுதுனது."

"எழுதியிருக்கா? எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும் பாய். பஸ்சு போர்டு படிப்பேன், அம்புட்டுத்தான். கதையெல்லாம் அவருதான் படிச்சுச் சொல்லுவாரு. என்ன எழுதியிருக்காரு?"

பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். "இங்க அழுதுச்சு."

"ஆமா அழுதேன். அந்த நாய் என்ன பாவம் பண்ணுச்சு? வில்லன்கிட்ட வேல பாத்தது நாயோட குத்தமா?"

"இங்க தூங்கிருச்சு. நாளைக்கு இதுலருந்து."

வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டார். "பொய்யி! நான் எங்க தூங்குனேன்? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். எழுதி வேற வச்சிருக்காரா மனுசன்?" சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அந்தத் தலைப்பால்தான் முன்பு தட்டைத் துடைத்தார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"மறுநாள் மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு பாய். மேல வர வழியில்லாம வண்டியோட கீழ போடியிலயே மாட்டிக்கிட்டாரு. ஒரு வாரம் கழிச்சு வர்றப்ப வேற பொஸ்தகம் கொண்டாந்தாரு. இது அப்படியே நின்னுபோச்சு. அப்புறம் நானும் கேக்கல, அவரும் சொல்லல."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டினார்.

"சரி, குடுங்க."

"எதை?"

"பொஸ்தகத்த."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "மதிப்புத் தெரிஞ்ச ஆளு வந்தாக் குடுத்துருவேன்னு..." என்று இழுத்தேன்.

"அன்னைக்கு எனக்கு மதிப்புத் தெரியல பாய். அதான் தெரிஞ்ச ஆளாப் பாத்துக் குடுக்கலாம்னு இருந்தேன். இப்ப எனக்கே தெரிஞ்சுபோச்சே. இனிமே எதுக்குக் குடுக்கணும்?"

பெஞ்சில் இருந்த ஒருவர், "கரெக்டுதான அக்கா சொல்றது" என்றார். எனக்கும் கரெக்டாகத்தான் பட்டது. அதுதான் கஷ்டம். புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் அதை ஆர்.சி. புக்கு கவருக்குள் வைத்து, பிஸ்கட் பாட்டிலுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். உலகத்தைக் காப்பாற்றுகிறவன் வண்டி இன்சூரன்சோடு அங்கே நின்றான்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி என் கையைப் பார்த்தாள்.

"போட்டோ மட்டும் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்ல?"

என்னிடம் இப்போதும் நூற்றுப் பதினொன்றுதான் இருக்கின்றன. குழுவில் யாராவது ஐம்பத்தேழைப் பற்றிக் கேட்டால் நான் வாய் திறப்பதில்லை. திறந்தால் மறுநாள் காலையில் பாதிப் பேர் போடிமெட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் டிரைவர் அடுத்த வாரமே இன்னொரு தகவல் கொண்டுவந்தார். "அக்கா கேக்கச் சொல்லுச்சு. முப்பத்தொண்ணுலருந்து மிச்சம் கதை என்ன ஆச்சாம்?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் வீட்டில் இருந்த புத்தகம். பென்சிலைத் தேடினேனே ஒழிய கதையைப் படிக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் வாய்க்கும்போது மேலே போகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் அக்கா புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு நாலு பக்கம்தான். அதற்கு மேல் கொடுப்பதில்லை. நான் சத்தமாகப் படிக்க வேண்டும். காத்திருக்கிற தொழிலாளர்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நிக்காஹ் வீட்டில் ஒரு நல்ல வார்த்தை பேச முடியாத நான், கம்பளிக் குல்லா போட்ட ஏழெட்டுப் பேர் நடுவில் உட்கார்ந்து, "அடேய் கயவனே, நில்!" என்று சொல்கிறேன். முதல் நாள் அந்தக் கயவன் நிற்கவில்லை. டீ பாய்லர் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.

போன வாரம் முப்பத்தெட்டாம் பக்கம் வரை வந்திருந்தோம். வில்லன் கோபுரத்தின் உச்சியில் நின்று சிரிக்கிறான். நானும் சிரித்தேன். அக்கா வடிகட்டியைப் பிடித்தபடி எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எங்கள் கடைத் துக்கம் இருந்தது.

"சத்தம் பத்தல பாய். வில்லனும் இவனும் ஒரே ஆளு மாதிரி இருக்கு. மூச்சு வாங்குறீக. அவரு இந்த எடத்துல சிரிச்சா பிஸ்கட் பாட்டிலு அதிரும்."

"சரிக்கா."

"ரெண்டாந்தரந்தான்" என்றார். "ம், படிங்க."

தோட்டக்காரர் மாதிரி, "நல்லாப் பாருங்க" என்று நான் பேரம் பேசவில்லை. பக்கத்தைத் திருப்பினேன்.